பட்டையை இறுக்கினால் துள்ளுகிறது, என்ன செய்வது?

கேள்வி: எங்கள் குதிரைக்குட்டிக்கு இரண்டரை வயது. கடிவாளம் போட்டால் கம்பியை மென்றுகொண்டே தலையை உதறுகிறது. முதுகில் சேணம் வைத்தால் பேசாமல் நிற்கிறது. வயிற்றுப்பட்டையை இறுக்கியதும் துள்ளுகிறது. வாங்கித் தந்த தரகர், “பத்து நாள் என்னிடம் விடுங்கள், ஏறி ஓட்டுகிற மாதிரி திருப்பித் தருகிறேன்” என்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். பத்து நாள் வித்தை பெரும்பாலும் என்ன தெரியுமா? தீனியைக் குறைத்து, வட்டமாக ஓடவிட்டு, களைத்துத் தலை தொங்கியதும் ஓர் ஆளை ஏற்றிக் காட்டுவது. உங்களிடம் வந்து நன்றாகத் தின்று தெம்பு ஏறியதும் பழைய துள்ளல் திரும்பும். “உங்களுக்குக் கையாளத் தெரியவில்லை” என்று சொல்லி அடுத்த குதிரையைக் காட்டுவார். நாளைக் காலையில் யார் வேண்டுமானாலும் தன்னைப் பழக்குநர் என்று சொல்லிக்கொள்ளலாம், கேட்பாரில்லை. குதிரை கைமாறும் தாளில் நிறம், சுழி எல்லாம் எழுதுகிறார்கள். வாயைப் பார்த்தார்களா, முதுகில் எப்போது ஆள் ஏறினான் என்று எழுத மட்டும் யாருக்கும் கை வருவதில்லை.

சேணத்தின் கனம் உங்கள் குட்டிக்குப் பிரச்சினையாகத் தெரியவில்லை. நெஞ்சைச் சுற்றி ஏதோ பிடிப்பதுதான் பயம். சில நாள் சேணமில்லாமல் மெத்தையும் பட்டையும் மட்டும் கட்டி நடத்துங்கள். பிறகு சேணத்தை வையுங்கள், கால் வைக்கும் அங்கவடிகளை மட்டும் அதிலிருந்து கழற்றிவிடுங்கள். முதல் கட்டிலேயே சேணம் நழுவாத அளவு பிடிப்பு இருக்க வேண்டும், வயிற்றுக்கடியில் சரிந்தால் அந்தப் பயம் லேசில் போகாது. நாலு எட்டு நடத்தி ஒரு துளை ஏற்றுங்கள், மறுபடி நடத்துங்கள். காது பின்னால் மடங்கி மூச்சைப் பிடித்தால் அன்றைக்கு அதற்கு மேல் இறுக்க வேண்டாம்.

கம்பியை மெல்வது புதிதில் சகஜம். தலையை உதறுவதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஈறில்தான் கம்பி கிடக்கிறது. சில குட்டிகளுக்கு மேல்தாடையில் முதல் கடைவாய்ப் பல்லுக்குச் சற்று முன்னால் ஒரு சின்னப் பல் முளைத்திருக்கும். எல்லாவற்றுக்கும் இருக்காது, சிலதில் ஈறுக்குள்ளேயே மறைந்து கிடக்கும், வெளியே தெரியாது. கம்பி பட்டால் வலிக்கலாம். போதாததற்கு, இரண்டரை வயதில்தான் முன்னிரண்டு பால்பற்களும் முதல் கடைவாய்ப் பால்பல்லும் விழத் தொடங்கும். வலியைக் குறும்பு என்று நினைத்து, “இன்னும் கடுமையான கம்பி போடுங்கள்” என்று விற்க வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கால்நடை மருத்துவர் வாய்க்குள் விரல் விட்டுத் தடவிப் பார்க்கட்டும். அதுவரை தலைக்கயிறு போதும்.

ஏறுவதற்கும் அவசரமில்லை. முதுகெலும்பின் வளர்ச்சி முடிய 5 வயதுக்கு மேலாகும். தரகர் நச்சரித்தால், உங்கள் இடத்துக்கே வந்து, உங்கள் கண்முன்னால் பட்டை கட்டிக் காட்டச் சொல்லுங்கள். பாதிப் பேர் வரமாட்டார்கள்.