நம்ம பையன்தானே (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு வயசு 33. தூத்தூர் பக்கம் கடற்கரை ஊரு. பேரு போட வேண்டாம். சென்னை கால்பந்து லீக்ல சீனியர் டிவிஷன் வரைக்கும் ஆடியிருக்கேன், சீசனுக்கு மலப்புறம் பக்கம் டீமுக்கு ஏழு பேரு ஆடுற செவன்ஸுக்கும் போவேன். முட்டி ரெண்டு தடவை போச்சு, ஆபரேஷன் ஆச்சு, அதோட ஆட்டம் நின்னுட்டு. இப்ப மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழ ஒரு ரூம் எடுத்து விளம்பரக் கம்பெனி தொடங்கியிருக்கேன். ஃப்ளெக்ஸ், கடை போர்டு, ரீல்ஸ், டோர்னமெண்ட் பேனர் எல்லாம் செய்றேன். அப்பா கடலுக்குப் போறவரு, "பந்தடிச்ச பய இப்ப கடைகடையா ஏறி எறங்குகான்"னு சங்கடப்படுறாரு. அத்தான் துபாய்க்குக் கூப்பிடுறாரு. கம்பெனி பேரு இங்கிலீஷ்ல இருக்கு, அது தப்பா? விசிட்டிங் கார்டுல ஜெர்சி போட்ட பழைய போட்டோவ வைக்கலாமா வேண்டாமான்னு ஒரே கொழப்பம். விளையாட்டுக்காரன் விளம்பரத்துக்கு வர்றது கேவலமா அண்ணா? ஆர்டர் நெறைய வருது, கையில காசுதான் நிக்க மாட்டேங்குது.

தம்பி,

கடைசி வரிய போற போக்குல எழுதிட்டே. கடிதத்துல விஷயம்னு இருக்கது அந்த ஒரு வரிதான்.

மத்ததெல்லாம் வேகமா முடிச்சிருவோம். துபாய் போணும்னா போ, போவாண்டாம்னா போவாத, அதுக்கு எழுத்தாளன் எதுக்கு. இங்கிலீஷ் பேரு... மார்த்தாண்டத்துல எந்த பேக்கரிக்கு தமிழ்ல பேரு இருக்கு, விடு.

கேவலமான்னு கேட்டதுக்கு மட்டும் ஒரு கத சொல்றேன். இங்கிலாந்துல ஜெர்சியில விளம்பரம் போட்டு முதல்ல ஆட விட்டது யாருன்னு நெனைக்கே? ஏதோ கம்பெனி முதலாளி இல்ல, ஒரு ஃபார்வேர்டு. வுல்வ்ஸ் கிளப்புக்கும் வட அயர்லாந்துக்கும் ஆடின டெரக் டூகன். ஆட்டக்காரங்க சங்கத்துக்கே தலைவரா இருந்தவரு. ரிட்டயர் ஆன கையோட கெட்டரிங் டவுன்னு ஒரு சின்ன கிளப்ப நடத்தப் போனாரு, காசு இல்ல, 1976 ஜனவரியில உள்ளூர் டயர் கடை பேர நெஞ்சுல எழுதி பசங்கள எறக்கி விட்டாரு. 'கெட்டரிங் டயர்ஸ்'. கால்பந்துச் சங்கம் அழிக்கச் சொல்லிட்டு. மனுசன் முழுசா அழிக்கல, 'கெட்டரிங் டி'ன்னு ஆக்கிட்டு, டின்னா டவுன்யா, எங்க ஊரு பேருன்னுட்டாரு. அபராதம் போடுவோம்னு மெரட்டின பொறவுதான் அதையும் எடுத்தாரு. ஆனா அடுத்த வருசமே சங்கம் எல்லாருக்கும் அனுமதி குடுத்துட்டு. இன்னைக்கு அங்க நடக்க அத்தன கோடி வியாபாரமும் அந்த டயர் கடையில தொடங்கினது. அப்பாட்ட இதச் சொல்லு. கேட்க மாட்டாரு, இருந்தாலும் சொல்லு.

சரி, காசுக்கு வருவோம்.

எங்க ஊர்ல மைக் அண்ணன்னு ஒருத்தரு இருந்தாரு. ஒரு காலத்துல லெஃப்ட் அவுட், எடது ஓரத்துல ஆடினவரு. நான் பாக்கும்போதே ஆட்டம் முடிஞ்சுட்டு, வாடகை ஜீப்புல ரெண்டு கொழா ஸ்பீக்கர் கட்டி விளம்பரம் சொல்லுவாரு, சினிமா, துணிக்கடை ஆடித் தள்ளுபடி, சீட்டுக் கம்பெனி, மரண அறிவிப்பு எல்லாத்துக்கும் ஒரே குரல். ஜீப்புலேர்ந்து எறங்கும்போ எடது கால அவராலத் தூக்க முடியாது, பேண்ட்ட முட்டிக்கு மேல ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தூக்கி வெளிய வைப்பாரு, ஏதோ வேற ஆளுக்க கால எறக்கி வைக்கது மாதிரி. கடக்காத்து எரைச்சல் கேக்காம இருக்க மைக்குல கைக்குட்ட சுத்தியிருப்பாரு.

நான் எங்க கிளப்புக்கு செக்ரட்டரியா இருந்த வருசம், ஈஸ்டருக்கு மூணு நாள் டோர்னமெண்ட். அண்ணன்தான் மைக். நாளுக்கு 50, மொத்தம் 150 ரூபான்னு பேச்சு. ஐஸ் பிளாண்ட், ஜவுளிக்கடை, மீன் ஏலக்காரரு எல்லாரு பேரும் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா சொல்லணும். ரெண்டு நாள் சுத்தமா சொன்னாரு. ஃபைனல்ல நம்ம லெஃப்ட் அவுட் பந்தோட உள்ள வெட்டப் பாத்தான், அவ்வளவுதான், அண்ணன் ஐஸ் பிளாண்டையும் மறந்துட்டாரு ஏலக்காரரையும் மறந்துட்டாரு, "லே வலது காலுக்கு மாத்தாத, மாத்தாத லே"ன்னு மைக்குல ஒரே அலறல். தோத்துட்டோம். ஐஸ் பிளாண்ட்காரரு எனக்க பேரு ரெண்டு மட்டம்தான் வந்துதுன்னு தரவேண்டியதத் தரல.

நாங்க அண்ணனுக்கு ஒரு பொன்னாடை போத்தினோம். கையில 40 ரூபா. பாக்கி 110 பொறவு பாக்கலாம், நம்ம அண்ணன்தானேன்னு நான்தான் சொன்னேன்.

இதுதான் தம்பி உனக்க நோய். ஆட்டக்காரன் சின்ன வயசுலேர்ந்தே ஊருக்க செல்லப் பிள்ள. டீ ஒருத்தன் வாங்கித் தருவான், பஸ்ஸுக்கு ஒருத்தன், பூட்ஸுக்கு ஒருத்தன். பில்லுன்னு ஒண்ண நீ கண்ணால பாத்ததே கெடையாது. அதெல்லாம் பாசம்தான், பொய் இல்ல. ஆனா குடுத்தவன் கணக்கு வச்சிருப்பான், வாங்கின நீதான் வைக்கல. நீ கட தொறந்த அன்னைக்கு அத்தன பேரும் அந்த டீயக் கழிக்க வந்து நிக்கான். "நம்ம பையன்தானே, ஒரு டிசைன் போட்டுத் தா." உனக்குக் கேக்க நாக்கு எழும்பாது. முட்டி ஆபரேஷனுக்கு 500 ரூபா தந்தவன்ட்ட எப்பிடிக் கேக்கதுன்னு நிப்பே. உனக்க பக்கத்து ஊரு இரவிபுத்தன்துறை சூசைராஜ், இந்தியன் சூப்பர் லீக்ல 2020 சீசனோட முத மேட்ச்லயே முட்டி போய் சீசன் முழுக்க வெளிய இருந்தாரு, அவருக்குப் பின்னால பெரிய கிளப்பு இருந்து. உனக்கு செவன்ஸ்ல முட்டி போனப்ப யாரு இருந்தா, அந்த 500 ரூபாக்காரன்தான். அதனாலதான் அவன் முன்னால நீ இவ்வளவு சின்னதாப் போறே.

ஃப்ளெக்ஸ் ரோலும் மையும் உனக்கு எவனாவது சும்மா தாறானா? பில்லு போட்டா 18 சதவீதம் ஜிஎஸ்டி, வருசம் 20 லட்சம் தாண்டினா நீயும் அதுக்குள்ள வருவே. கடைக்காரன் ஆறு மாசம் கழிச்சு தந்தாலும் கவர்மெண்ட்டுக்கு அடுத்த மாசமே கெட்டணும். திருவிழா பேனருக்குக் கடன் குடுத்தா, திருவிழா முடிஞ்சதும் கமிட்டி மாறிரும், பொருளாளர் மாறிருவாரு, புதுசா வந்தவரு "அது பழைய கமிட்டி கணக்குல்லா"ம்பாரு. பாதி அட்வான்ஸ் வராம கம்ப்யூட்டரத் தொறக்காத. சதுர அடி எவ்வளவு, மொத்தம் எவ்வளவுன்னு வாட்ஸப்புல எழுதி, "சரி"ன்னு பதில் வந்த பொறவு வேல. கடற்கரையில பேனர் கெட்டினா காத்து போக பேனருக்க நடுவுல அரைவட்டமா கீறி விடணும்னு உனக்குத் தெரியும், அந்த அறிவு சும்மா வந்ததா?

சும்மா செய்ய வேண்டிய வேலையும் உண்டு. 2017 டிசம்பர்ல, ஒக்கி புயலுக்குப் பொறவு, உங்க கடற்கரையில கெட்டின போர்டு உனக்கு ஞாபகம் இருக்கும். வரிசவரிசயா கடலுக்குப் போய் திரும்பாதவங்களுக்க மொகம், ரேஷன் கார்டுலேர்ந்தும் கல்யாண ஆல்பத்துலேர்ந்தும் வெட்டி எடுத்தது. அதுல ஒண்ண அடிச்சவன் காசு வாங்கலன்னு சொன்னாங்க. அதுக்கு வாங்காத. ஆடித் தள்ளுபடிக்கு எதுக்குடா வாங்காம இருக்கே?

மைக் அண்ணன் எனக்கிட்ட கேட்டதே இல்ல. பல வருசம் கழிச்சு ஒருநாள் சந்தையில வச்சுப் பாத்தாரு, எனக்க மக கையப் பிடிச்சிட்டு நின்னா. "மக்கா, அந்த பழைய கணக்கு..."ன்னு தொடங்கினவரு, பிள்ளயப் பாத்ததும் நிறுத்திட்டு, பக்கத்துக் கடையில கடல மிட்டாய் ரெண்டு வாங்கி அவ கையில குடுத்துட்டு, கால இழுத்து இழுத்துப் போயிட்டாரு. எனக்க பையில அன்னைக்கு 110 இருந்துது. 1,100 கூட இருந்துது.

அடுத்த மாசம் நாகர்கோவில்ல வாசகர் கூட்டம் வச்சிருக்கோம், 8 அடிக்கு 4 அடி பேனர் ஒண்ணு வேணும். ரேட்டும் ஜிபே நம்பரும் அனுப்பு, பாதி முன்னாலயே போட்டு விடுறேன். அண்ணனுக்குத்தானேன்னு ஒரு ரூபா கொறச்சேன்னா வேற ஆளுட்ட குடுத்துருவேன். கார்டுல போட்டோ வைக்கலாமான்னு கேட்டிருந்தல்லா, வரும்போ கார்ட கொண்டுவா, பாப்போம்.