வாசகர் கேள்வி: குமுளிச் சாவடியும் கூலிக் கணக்கும்

கேள்வி: 2020-இல் கொரோனாவுக்காகக் கேரள எல்லையிலுள்ள குமுளி சோதனைச்சாவடியை அடைத்ததால், ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வந்த எங்கள் பக்கத்துப் பெண்கள் பிழைப்பை இழந்தார்கள். நோயைவிடக் கட்டுப்பாடுகளால்தான் நஷ்டம் அதிகம் என்கிறார்களே, உண்மையா?
- வாசகி, கம்பம்

பதில்: அந்தக் கூலி இழப்பை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் நஷ்டம் முழுவதையும் கட்டுப்பாடுகளின் தலையில் கட்டுவது சரியல்ல. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் பொருளாதாரம் ஏறத்தாழ 24 சதவீதம் சுருங்கியது. அதை ஒப்பிட வேண்டியது நோயே இல்லாத ஆண்டோடு அல்ல. நோய் தடையின்றிப் பரவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதோடு. டென்மார்க் கடைகளை மூடியது, ஸ்வீடன் பெரும்பாலும் திறந்தே வைத்தது. ஆயினும் தொடக்க வாரங்களில் மக்களின் செலவு டென்மார்க்கில் சுமார் 29 சதவீதமும் ஸ்வீடனில் 25 சதவீதமும் குறைந்ததை வங்கிப் பரிவர்த்தனைகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கண்டார்கள். மக்களைக் கடைவீதிக்கு வராமல் தடுத்ததில் சட்டத்தைவிட அச்சத்துக்கே பங்கு அதிகம்.

இந்த முடிவை அப்படியே கம்பத்துக்குக் கொண்டுவர முடியாது. சேமிப்பு உள்ளவர் அஞ்சி வீட்டில் இருக்கலாம். அன்றாடக் கூலிக்காரர் அஞ்சினாலும் வேலைக்குப் போயே தீர வேண்டும், சாவடி அடைபட்டால்தான் அவர் நிற்பார். ஆகவே இங்கே கட்டுப்பாட்டின் பங்கு கூடுதல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பலனும் காலத்தைப் பொறுத்தது. தோளோடு தோள் இடிக்க, பின்கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி மலையேறும் ஜீப்பில் ஒருவருக்குத் தொற்று இருந்தாலே பலருக்குப் பரவும். தொற்று ஒரு பக்கம் மட்டும் இருந்தபோது எல்லையை அடைத்தது, மருத்துவமனைகள் தயாராக அவகாசம் தந்தது. 2021 ஜனவரி 16-இல் தடுப்பூசி தொடங்கும்வரை தள்ளிப்போன ஒவ்வொரு தொற்றும் ஓர் உயிரைக் காப்பாற்றக் கிடைத்த வாய்ப்புதான். ஆனால் நோய் இரு பக்கமும் பரவிவிட்ட பிறகு அடைப்பின் பலன் தேய்கிறது, கூலி இழப்போ அப்படியே தொடர்கிறது. அந்தக் கட்டத்தில் பரிசோதனை, குறைந்த ஆட்களோடு ஜீப், இவையே மலிவான வழி.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது ஈடு கொடுக்காததுதான். தமிழக அரசு அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் தந்தது, மத்திய அரசு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் தந்தது. இரண்டும் பசியைத் தணித்தன, கூலியை ஈடுகட்டவில்லை. ஊருக்கெல்லாம் நன்மை தரும் நடவடிக்கைக்கு ஈட்டுத்தொகையும் அதன் செலவிலேயே சேர வேண்டும். எல்லை தாண்டிப் போகும் தினக்கூலிகளின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லையென்றால் பணம் ஒதுக்கினாலும் யாரிடம் கொடுப்பது? அந்தப் பதிவை இரு மாநிலத் தொழிலாளர் துறைகளும் சேர்ந்து இப்போதே தொடங்க வேண்டும். அதைக் கேட்டு இரு பக்கமும் மனுக் கொடுங்கள்.