பொத்தை மேல் வீடு: மழை, காற்று, வானம்
வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீடு பொத்தை (சிறு பாறைக் குன்று) உச்சியில் இருக்கிறது. மொட்டை மாடியில் மழைமானி வைத்திருக்கிறேன். ஆடிச் சாரலில் ஒருநாள் எனக்கு 8 மி.மீ. காட்டியது. அடிவாரத்தில் தோட்டம் வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு அதே நாளில் 14 மி.மீ. இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை. உச்சியில்தானே கூடப் பெய்ய வேண்டும்?
(ஒரு வாசகர், கடையம்)

பதில்: உங்கள் வீட்டிலும் மழை பெய்துதான் இருக்கும், மானியின் வாய்க்குள்தான் விழவில்லை. மேற்கே இருந்து வரும் காற்று பொத்தையில் மோதி மேலே ஏறுகிறது. மாடிக் கைப்பிடிச் சுவரில் மோதி இன்னொரு முறை எழும்புகிறது. மானியின் விளிம்பைக் கடக்கும்போது அதன் வேகம் கூடுகிறது. சாரல் துளி பொடித் துளி. அது காற்றோடு வாயைத் தாண்டிப் போய்விடும். ஐப்பசியில் காற்றில்லாமல் கொட்டும் மழையில் இரண்டு மானிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்போது அளவுகள் ஒட்டி வந்து, ஆடியில் மட்டும் விலகினால், குற்றம் முழுக்கக் காற்றின் மேல்தான்.

மானியைத் தரைக்கு இறக்குங்கள். வாய் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், ரசமட்டம் வைத்துப் பார்த்தால் மட்டமாக இருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். இடம் இருந்தால் நான்கு மடங்கு நல்லது. காற்று ஓயாத உச்சிகளுக்கு ஒரு பழைய வழி உண்டு. மானியை நடுவில் வைத்து 3 மீட்டர் விட்டத்தில் வட்டமாக ஒரு மண் வரப்பு போடுங்கள். வரப்பின் உயரம் மானியின் விளிம்புக்குச் சரியாக, அதே 30 செ.மீ. உள்பக்கம் செங்குத்தாகவும் வெளிப்பக்கம் சரிவாகவும் இருக்கட்டும். மேலே அருகம்புல் பதித்தால் மண் கரையாது. அடியில் ஒரு குழாய் விட்டு உள்ளே தேங்கும் நீரை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசியில் மானி மிதக்கும். வரப்பை இதைவிட உயர்த்தாதீர்கள். காற்றை அடைக்கிறோம் என்று மழையையும் அடைத்துவிடுவோம்.

கேள்வி: கடையில் வாங்காமல் நானே மழைமானி செய்ய முடியுமா? 2023 டிசம்பர் மாதிரி பெய்தால் தாங்குமா?
(ஒரு வாசகி, திருக்குறுங்குடி)

பதில்: தாராளமாகச் செய்யலாம். கடையில் விற்கும் சின்னக் கண்ணாடிக் குழாய் மானிகளைவிட அது நன்றாகவே அளக்கும்.

160 மி.மீ. பி.வி.சி. குழாயில் 25 செ.மீ. துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். மேல் விளிம்பின் வெளிப்பக்கத்தை அரத்தால் சாய்வாகச் சீவி, உள்பக்கம் நேராகவே நிற்கும்படி விடுங்கள். விளிம்பு தட்டையாக இருந்தால் அதில் விழும் துளி எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. விளிம்பிலிருந்து 15 செ.மீ. கீழே ஒரு புனலை ஒட்டுங்கள். அந்த ஆழம் இல்லையென்றால் கனமழை புனலில் பட்டு வெளியே தெறித்துவிடும். புனலின் கால் 10 லிட்டர் கேன் ஒன்றில் இறங்கட்டும். கேனை மூடியுள்ள பெரிய வாளிக்குள் வையுங்கள். வெயில் படாததால் ஆவியாவது குறையும், கேன் நிரம்பி வழிந்தாலும் தண்ணீர் வாளியில் இருக்கும்.

இனி கணக்கு. குழாயின் 160 என்பது வெளி விட்டம். உள் விட்டம் குழாயின் கனத்தைப் பொறுத்து மாறும். மூன்று திசையில் அளந்து சராசரி எடுங்கள். 15.2 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் வாயின் பரப்பு 181 சதுர செ.மீ. சேர்ந்த நீரை மில்லிலிட்டரில் அளந்து, பத்தால் பெருக்கி, பரப்பால் வகுத்தால் மழை மி.மீ.இல் கிடைக்கும். 100 மி.லி. என்றால் 5.5 மி.மீ. வெளி விட்டத்தையே வைத்துக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு நாளும் பத்தில் ஒரு பங்கு குறைத்து எழுதிக்கொண்டிருப்பீர்கள். பலரும் தவறுவது இங்கேதான். சாரல் நாளில் கேனில் ஏழெட்டு மில்லிதான் இருக்கும். அதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும் 10 மி.லி. சிரிஞ்சு போதும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பெய்தது சுமார் 95 செ.மீ. இந்த மானியில் அது 17 லிட்டருக்கு மேல். கேன் கொள்வது 55 செ.மீ. மழைதான். மிச்சம் வாளிக்குப் போகும், ஆகவே வாளி 20 லிட்டருக்குக் குறையக் கூடாது. அப்படிப்பட்ட நாளில் காலை வரை காத்திருக்காமல் இடையிடையே அளந்து ஊற்றி, நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எத்தனை மணிக்கு அளப்பது? எந்தத் தேதியில் எழுதுவது?
(ஒரு மாணவி, வள்ளியூர்)

பதில்: காலை 8.30 மணிக்கு அளந்து, அளந்த நாளின் தேதியில் எழுதுங்கள். வானிலைத் துறையின் நேரமும் இதுதான், செய்தித்தாளில் வரும் பட்டியலோடு நேராக ஒப்பிடலாம். மழை இல்லாத நாளில் 0 என்று எழுத மறக்காதீர்கள். வெற்றிடமாக விட்டால், மழை பெய்யவில்லையா, நீங்கள் ஊரில் இல்லையா என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. ஒரு நாளில் 2.5 மி.மீ.யாவது பெய்தால்தான் அது கணக்கில் மழைநாள். 64.5 மி.மீ.க்கு மேல் கனமழை, 115.6-இலிருந்து மிகக் கனமழை, 204.5-இலிருந்து அதிகனமழை.

கேள்வி: எங்கள் வீடு 450 மீட்டர் உயரத்தில். செல்போனில் காற்றழுத்தம் பார்க்கிறேன். கடல்மட்ட அளவு 999 என்று காட்டுகிறது, மத்தியானம் ஆனால் இன்னும் இறங்குகிறது. தினமும் இப்படித்தான். வங்கக் கடலில் ஏதும் உருவாகிறதோ என்று பயமாக இருக்கிறது.
(ஒரு வாசகர், களக்காடு மலையடிவாரம்)

பதில்: பயப்பட வேண்டாம். இதில் இரண்டு சங்கதிகள் கலந்திருக்கின்றன.

முதலாவது, அந்த இறக்கம். வெயில் மேல் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் காற்றுக்கும் கடலைப்போல் ஏற்றவற்றம் உண்டு. நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பக்கத்தில் இது நன்றாகவே தெரியும். காலை 10 மணி சுமாருக்கு உச்சம், மாலை 4 மணி சுமாருக்குத் தாழ்வு, இடையில் 3 ஹெக்டோபாஸ்கல் (உங்கள் செல்போன் காட்டும் அழுத்த அலகு) வரை வித்தியாசம். இரவு 10-க்கு மறுபடி ஏறி விடிகாலை 4-க்கு மறுபடி இறங்கும். இவை சூரியனை வைத்த நேரங்கள். நம் கடிகாரம் அலகாபாத்தை (இன்றைய பிரயாக்ராஜை) ஒட்டிச் செல்லும் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது, திருநெல்வேலிச் சூரியன் அதற்குச் சுமார் 19 நிமிடம் பிந்தி வருகிறது. அதனால் காலையையும் மாலையையும் ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். இன்று காலை 8.30-ஐ நேற்றுக் காலை 8.30-உடன் ஒப்பிடுங்கள். அந்த 24 மணி நேர வித்தியாசம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனால், அப்போது வானிலை அறிக்கையைத் தேடிப் பார்ப்பது நியாயம்.

இரண்டாவது, அந்த 999. உங்கள் உயரத்தில் கருவி உண்மையில் அளப்பது 959-ஐ ஒட்டி இருக்கும். செயலி உயரத்தைக் கணக்கில் கொண்டு அதைக் கடல்மட்டத்துக்கு மாற்றுகிறது. அந்த உயரத்தை ஜி.பி.எஸ்.இலிருந்து எடுத்தால் நம் பக்கத்தில் பெரிய பிழை வரும். ஜி.பி.எஸ். பூமியை ஒழுங்கான ஒரு நீள்கோளமாக வைத்து உயரம் சொல்கிறது. இந்தியாவின் தென்முனையையும் இலங்கையையும் ஒட்டிய கடலிலோ ஈர்ப்பு குறைவு. உண்மையான கடல்மட்டம் அந்தக் கற்பனைக் கோளத்தைவிட இங்கே 90 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. இதைத் திருத்தாத செயலி உங்கள் 450 மீட்டரை 355 என்று எடுத்துக்கொள்ளும். 95 மீட்டர் குறைந்தால் அழுத்தத்தில் 10 அல்லது 11 குறையும். 1010 என்று வர வேண்டியது 999 ஆகிவிட்டது, அவ்வளவுதான். நில அளவை வரைபடத்தின் உயரக் கோட்டைப் பார்த்து, சரியான உயரத்தைக் கையால் செயலியில் பதியுங்கள்.

உங்கள் வீட்டுக்கு வடமேற்கே மலைத்தொடரில் நிற்கும் அகத்தியமலையில், 1855-இல் திருவனந்தபுரம் வானாய்வுக் கூடத்தின் இயக்குநர் ஜான் ஆலன் புரூன் ஒரு நிலையம் அமைத்து, காந்தமானிகளும் வானிலைக் கருவிகளும் வைத்து அளந்தார். 1,868 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்குக் கருவிகளைச் சுமந்து ஏறியவர்களை நினைத்தால், செல்போனில் உயரம் திருத்துவது பெரிய வேலையாகத் தோன்றாது.

கேள்வி: வெப்பமானிப் பெட்டியின் கதவு வடக்கே பார்க்க வேண்டும் என்று படித்தேன். ஆனால் ஆனி மாதக் காலையில் கதவைத் திறந்தால் வெயில் உள்ளே விழுகிறதே?
(ஒரு வாசகர், ஆலங்குளம்)

பதில்: சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். அந்த விதி வடக்கே தள்ளியிருக்கும் ஊர்களுக்கு முழுக்கப் பொருந்தும். நாம் 8.7 டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம். ஏப்ரல் 12-ஐ ஒட்டி, அதாவது சித்திரை பிறக்கப்போகும் சமயத்தில், சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து வடக்கே கடந்துவிடும். ஆகஸ்ட் 30-ஐ ஒட்டித்தான் திரும்பி வரும். இடைப்பட்ட நாலரை மாதமும் வடக்குக் கதவுக்கு வெயில் உண்டு. மீதி ஏழரை மாதத்துக்கு வடக்கே நல்லது என்பதால் கதவை மாற்ற வேண்டாம். அந்த மாதங்களில் 8.30-க்கு உங்கள் நிழல் பெட்டிக்குள் விழும்படி கிழக்கே தள்ளி நின்று, திறந்ததும் முதலில் பத்தில் ஒரு பங்கு டிகிரியைப் பாருங்கள், முழு டிகிரியை அப்புறம் படிக்கலாம். மூச்சுக்காற்றும் உடம்புச் சூடும் அதற்குள் எண்ணை நகர்த்தும்.

இதைவிடப் பெரிய தொல்லை பாறை. மொட்டைப் பாறை மேல் பெட்டியை நட்டால் பகல் சூட்டை இரவெல்லாம் அது கக்கும். மண்ணும் புல்லும் உள்ள இடத்தில், வெப்பமானி தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். அப்படி வைத்தும் தை மாத விடியலில் கீழே வயல்காட்டைவிட உங்கள் வீட்டில் சூடு கூடுதலாகக் காட்டினால் கருவியைச் சந்தேகிக்காதீர்கள். குளிர்ந்த காற்று கனமானது. அது இரவில் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. கீழே மஞ்சு மூடிக் கிடக்க, மேலே நீங்கள் வெள்ளி பார்ப்பது அதனால்தான்.

கேள்வி: "அகல வட்டம் பகல் மழை" என்று எங்கள் ஆச்சி சொல்வாள். நிலாவைச் சுற்றிய வட்டம் உண்மையிலேயே மழை சொல்லுமா?
(ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: எந்த வட்டம் என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். கையை முழுக்க நீட்டி, விரல்களை விரித்து, கட்டைவிரலை நிலாவில் வையுங்கள். சுண்டுவிரல் நுனி வட்டத்தைத் தொட்டால் அது 22 டிகிரி வளையம். மிக உயரத்தில் மெல்லிய முகிலில் இருக்கும் பனிப் படிகங்கள் ஒளியை வளைப்பதால் வருவது. ஆச்சி சொன்ன அகல வட்டம் இதுதான். நிலாவை ஒட்டியே வெளிர் நிறத்தில் தெரியும் சின்ன வட்டம் வேறு, அது தாழ்ந்த முகிலின் நீர்த்துளிகளால் வருவது. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கே பெருமழை முகில்கள் திரளும்போது அவற்றின் உச்சியிலிருந்து பரவும் பனிமுகில் முன்கூட்டியே நம் மேல் வரக்கூடும், அப்போது ஆச்சியின் சொல் பலிக்க இடமுண்டு. ஆடியில் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. வட்டம் கண்ட நாளையெல்லாம் மழைக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். இரண்டு பருவம் போனால் உங்கள் ஊருக்கு எத்தனை முறை பலித்தது என்று எண்ணிச் சொல்லலாம்.

கேள்வி: தொலைநோக்கியை வடதுருவ நட்சத்திரத்துக்கு நேராக நிறுத்தச் சொல்கிறது கையேடு. எவ்வளவு முயன்றும் முடியவில்லை. நம் பக்கத்து வானில் எதைப் பார்க்கலாம்?
(ஒரு ஆசிரியர், பாபநாசம்)

பதில்: நமக்கு அந்த நட்சத்திரம் அடிவானத்திலிருந்து சுமார் 9 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். புழுதியும் ஈரமும் அதை மங்கலாக்கிவிடும். பல தாங்கிகளின் அட்சரேகைத் திருகும் அவ்வளவு கீழே இறங்காது. உங்களுடையது 15 டிகிரியில் நின்றுவிட்டால், ஒரு கால் தெற்கேயும் இரண்டு வடக்கேயும் இருக்கும்படி வைத்து, தெற்குக் காலுக்கு அடியில் மரக்கட்டை கொடுங்கள். அந்தக் காலுக்கும் வடக்குக் கால்களை இணைக்கும் கோட்டுக்கும் ஒரு மீட்டர் தூரம் என்றால் 11 செ.மீ. கட்டை போதும். எடைக்கம்பி முக்காலியில் இடிக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டு மோட்டாரை ஓட்டுங்கள். இனிமேல்தான் வாங்கப்போகிறவர்கள், படம் எடுக்கும் எண்ணம் இல்லையென்றால் துருவத்துக்கு நேராக நிறுத்தத் தேவையில்லாத டாப்சோனியன் வகையை வாங்கினால் இந்தப் பாடே இல்லை.

வடக்கே இழந்ததைத் தெற்கு வட்டியோடு தருகிறது. பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிக்குத் தெற்கே, சிரியஸுக்குக் கீழே, 29 டிகிரி உயரத்தில் அகத்திய நட்சத்திரம் நிற்கும். மே நடுவில் 9.15-க்குத் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும், அடிவானத்திலிருந்து 18 முதல் 24 டிகிரிக்குள். அடுத்த ஒரு மணி நேரத்தில், அதற்கு இடப்புறம் சற்று உயரே, 34 டிகிரியில் ஒமேகா சென்டாரி என்னும் நட்சத்திரக் கொத்து வரும். 10×50 இருகண்ணோக்கியில் பஞ்சுருண்டைபோல் தெரியும். ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து பார்க்கக் கிடைக்காத காட்சி. ஜனவரி நடுவில் இரவு 10 மணிக்கு, நிலா இல்லாமல் தெற்கே மலையோ ஊர் விளக்கோ மறைக்காமல் இருந்தால், 11 டிகிரி உயரத்தில் பெரிய மெகல்லன் முகிலை (மழை முகில் அல்ல, நம் பால்வெளிக்கு அருகிலுள்ள சிறிய விண்மீன் மண்டலம்) தேடுங்கள்.

சாரல் மாதங்களில் கண்ணாடி வில்லைகளில் பூஞ்சை பிடிக்கும். இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, ஒரு ஈரப்பதமானியும் வைத்து, 40 முதல் 50 சதவீதத்துக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். பனியில் நனைந்த கருவியை அப்படியே மூடி வைப்பதுதான் பூஞ்சைக்கு அழைப்பு. முதலில் வீட்டுக்குள் திறந்து வைத்து உலரவிடுங்கள்.

கேள்வி: காற்றுவேகமானிக்காக மாடியில் இரும்புக் கம்பம் நடலாமா? எங்கள் வீடுதான் பொத்தையில் உயரமானது.
(ஒரு வாசகர், நாங்குநேரி)

பதில்: இடிதாங்கி முறையாகப் போடும் வரை நடாதீர்கள். சித்திரை, வைகாசி, ஐப்பசியின் மாலை இடிமழைகளில் அந்தக் கம்பம்தான் முதல் குறி. பாறையில் ஒற்றைக் குழி தோண்டிக் கம்பியைப் புதைத்தால் அது நிலத்தொடர்பு ஆகாது, காய்ந்த பாறையில் மின்சாரம் இறங்காது. சரிவில் மண் உள்ள இடம் வரை தாமிரப் பட்டையைக் கொண்டுபோய், நீளவாக்கில் குழி வெட்டிப் புதைக்க வேண்டும். வீட்டு மின் இணைப்பின் நிலத்தொடர்பையும் இதையும் தனித்தனியே விடாமல் இணைக்க வேண்டும். இது உரிமம் பெற்ற மின் பணியாளர் செய்ய வேண்டிய வேலை.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் வரும். 30 விநாடிக்குள் வந்தால் மாடியை விட்டு இறங்கிவிடுங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகு ஏறுங்கள். மானியிலிருந்து வீட்டுக்குள் வரும் நீளக் கம்பியை இடிக்கு முன்பே கழற்றி வெளியே போடுங்கள். இடி முழங்கும்போது அதைக் கழற்றப் போகாதீர்கள்.