வலம் வரும் நெல்

அன்புள்ள அக்கா,

மூன்று வருடங்களாக வேல்ஸில் இருக்கிறேன். மனைவி வீட்டாரின் சின்னப் பண்ணை, முப்பத்தைந்து செம்மறிகள். ஆடு மேய்க்கும் நாயினமான பார்டர் கோலியில் ஒன்பது மாதப் பெட்டைக்குட்டி ஒன்று வளர்க்கிறேன். பெயர் நெல். இங்கே அது வழக்கமான நாய்ப்பெயர்தான். எனக்கு அது நம்ம ஊர் நெல். வீட்டு முற்றத்தில் பந்தை வைத்து 'கம்-பை' (ஒரு பக்கமாகச் சுற்று), 'அவே' (மறுபக்கமாகச் சுற்று), 'லை டவுன்' (படு) மூன்று ஏவல்களும் பழக்கிவிட்டேன். பிசகாமல் செய்கிறாள். ஆட்டைக் கண்டால் மட்டும் காதே கேட்பதில்லை. நடுவில் புகுந்து சிதறடிக்கிறாள். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். எங்கே தப்பு? மார்ச்சில் பக்கத்துப் பண்ணையில் குட்டி போட்ட ஆடுகளை இடம் மாற்ற அவளைக் கூட்டிவரச் சொல்கிறார்கள். போகலாமா?

ம.

அன்புள்ள ம.,

நெல் நல்ல பெயர். ஒரே அசை, காற்றிலும் தெளிவாகக் கேட்கும்.

நீங்கள் சொல்லை முதலில் கொடுத்துவிட்டுச் செயலை அப்புறம் கேட்கிறீர்கள். ஆட்டு வேலையில் செயல்தான் முதலில் வரவேண்டும். இங்கிலாந்தின் வடக்கே நார்தம்பர்லாந்தில் என் முதல் நாயைப் பழக்கியபோது நானும் இதையேதான் செய்தேன். பக்கத்து மேய்ப்பர் ஒருவர் வேலிக்கு அந்தப்புறம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "பேச்சை நிறுத்து, நட" என்றார். அன்றைக்கு அவர் காட்டியதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த நாய்களுக்கு ஆட்டின் மறுபக்கம் போய் அதை நம்மிடம் கொண்டுவர வேண்டும் என்ற வேகம் பிறவியிலேயே உண்டு. 1893-இல் அதே நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவர் வீட்டில் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாயின் வழியில் வந்தவைதான் இன்றைய பார்டர் கோலிகளில் பெரும்பாலானவை. குரைக்காமல், கடிக்காமல், பார்வையாலேயே ஆட்டை நகர்த்தும் குணத்துக்காக அவனைத் தேடிப்போய் இனம் சேர்த்தார்கள். அந்தக் குணம் உங்கள் நெல்லிடமும் இருக்கும். நாம் புதிதாக எதையும் புகுத்த வேண்டியதில்லை. அவள் தானாகச் செய்வதற்குப் பெயர் வைக்கிறோம், அவ்வளவுதான்.

முப்பத்தைந்தையும் விட்டுவிடுங்கள். நாய்க்குப் பழகிய, நிதானமான நாலைந்து ஆடுகள் போதும். இல்லையென்றால் யாரிடமாவது இரவல் கேளுங்கள். சின்ன வட்டப்பட்டி ஒன்று கட்டுங்கள். மூலை இருந்தால் ஆடு அங்கே போய் ஒண்டிக்கொள்ளும். நெல்லின் கழுத்தில் நீளக் கயிறு தரையில் இழுபடட்டும். கையில் கம்பு இருக்கட்டும். அது அடிப்பதற்கு அல்ல, உங்கள் கையை நீட்டிக்கொள்வதற்கு. அவள் ஆட்டுக்குள் பாய வந்தால் அந்தப் பக்கம் கம்பை நீட்டினாலே விலகிச் சுற்றுவாள்.

பட்டியை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஆடு, ஆறு மணியில் நீங்கள். நெல் பன்னிரண்டுக்குப் போய் நிற்கத்தான் விரும்புவாள். நீங்கள் இடப்பக்கம் ஒன்பதை நோக்கி நடந்தால், உங்களுக்கு நேர் எதிரே வருவதற்காக அவள் மூன்றை நோக்கிச் சுற்றுவாள். அப்படிச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, மெதுவாக, ஒரே ஒரு முறை, 'கம்-பை'. நீங்கள் வலப்பக்கம் நடந்தால் எதிர்த்திசையில் சுற்றுவாள், அப்போது 'அவே'. ஆரம்பத்தில் எது எது என்று எனக்கும் குழம்பியது. கோயிலை வலம் வருகிற திசை கம்-பை என்று வைத்துக்கொண்ட பிறகு குழப்பமே வரவில்லை. ஆடு நாயின் வலக்கைப் பக்கம் இருந்தால் கம்-பை.

சில வாரம் போனபின் நீங்கள் நடப்பதைக் குறையுங்கள். முதலில் நாலு அடி, அப்புறம் ஒரு அடி, அப்புறம் தோளைத் திருப்பினாலே போதும். கடைசியில் சொல் மட்டும் மிஞ்சும். விசிலெல்லாம் அதற்கப்புறம்தான்.

'லை டவுன்' சொல்ல ஒரே ஒரு நல்ல இடம் உண்டு: அவள் பன்னிரண்டில் இருந்து, ஆடு உங்கள் இருவருக்கும் நடுவில் அசையாமல் நிற்கிற நொடி. ஆடு தன் பிடியில் இருக்கிறது என்று அவளுக்கே தெரியும், அதனால் நிற்பாள். ஓடுகிற ஆட்டின் பின்னால் போகும்போது சொன்னால் நிற்கமாட்டாள். சொல் வெறும் சத்தமாகிவிடும். உங்கள் தொண்டை கட்டியது அதனால்தான். அவள் நின்றதும் உடனே மறுபடி ஆட்டைச் சுற்ற விடுங்கள். அவளுக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது, பிஸ்கட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். 'தட்ல்-டூ' (போதும், வா) என்று கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள், கூப்பிட்டால் ஆட்டம் முடிந்தது என்று நினைத்து வர மறுப்பாள். பத்து அடி கூட வரட்டும், திருப்பி அனுப்புங்கள்.

வாலைப் பார்க்கப் பழகுங்கள். தாழ்ந்து, நுனி மட்டும் லேசாக வளைந்து, பின்னங்காலை ஒட்டி இருந்தால் மூளை வேலையில் இருக்கிறது. கொடி மாதிரி தூக்கிக்கொண்டால் விளையாட்டுக்குப் போய்விட்டாள், அல்லது பதறுகிறாள். அப்போது வாயைத் திறக்காமல் நீங்கள் ஆட்டுக்கும் அவளுக்கும் நடுவில் போய் நில்லுங்கள். வால் இறங்கும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். நன்றாகச் செய்துகொண்டிருக்கும்போதே நிறுத்துங்கள்.

பந்தை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

உங்களுக்குப் பிடிக்கும் என்று இன்னொன்று சொல்கிறேன். பிரிட்டனில் பதிவான முதல் ஆட்டுநாய்ப் போட்டி நடந்தது வேல்ஸில், பாலா என்ற ஊரில், 1873 அக்டோபரில். வென்றவர் ஜேம்ஸ் தாம்சன், ஸ்காட்லாந்திலிருந்து வந்து வேல்ஸில் குடியிருந்தவர். அவருடைய நாய் ட்வீட்.

மார்ச் விஷயம்: போகாதீர்கள். குட்டியோடு இருக்கும் தாய் ஆடு நாயைக் கண்டு ஓடாது, தரையை உதைத்துவிட்டு நேரே முட்ட வரும். பழகிய நாய் அதைச் சமாளிக்கும். நெல் மாதிரி இளம் நாய் பயந்தால் அப்புறம் ஆட்டின் முகத்துக்கு நேரே நிற்கவே தயங்கும், அல்லது பயத்தில் கடிக்கப் பழகும். இரண்டையும் திருத்துவது மிகக் கஷ்டம். அவர்களிடம் அடுத்த வருடம் வருகிறோம் என்று சொல்லுங்கள். அன்றைக்கு நீங்களே போய் ஆடுகளை நகர்த்திக் கொடுங்கள், நெல் வீட்டில் இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா