அந்தச் சோளக்கதிரை வாங்கியிருக்கலாம்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 27 வயது, நர்ஸ். சொந்த ஊர் மெஞ்ஞானபுரம் பக்கம். எட்டு மாதமாக ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலையில், மால்டோ பழங்குடி மக்கள் நடுவே ஒரு மிஷன் கிளினிக்கில் ஊழியம் செய்கிறேன். வருகிறார்கள், மருந்து வாங்குகிறார்கள், போய்விடுகிறார்கள். யாரும் மனம்விட்டுப் பேசுவதில்லை. போன மாதம் ஒரு பாட்டி சுட்ட சோளக்கதிர் ஒன்றை நீட்டினார். அவர்களிடம் இருப்பதே கொஞ்சம்தானே என்று 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டேன். அன்பாகத்தான் நடந்துகொள்கிறேன், ஆனாலும் உறவு வளரவில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: தங்கச்சி, 'நீ' என்றே எழுதுகிறேன், கோபிக்காதே. நீ போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே அந்தச் சோளக்கதிர், அதைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை. நீ இரக்கப்பட்டுத்தான் வேண்டாம் என்றாய், எனக்குப் புரிகிறது. ஆனால் பாட்டியின் பக்கமிருந்து பார். ஊசி போட்டவளுக்குத் திருப்பிக் கொடுக்க அவரிடம் இருந்தது அது ஒன்றுதான், அதையும் நீ வாங்கவில்லை.

நானும் இதையேதான் செய்தேன். குஜராத்தில் டாங் மாவட்டத்தில் பணித்தளத்தில் இருந்தபோது, முதல் வருஷம் முழுக்க யாரிடமும் எதையும் வாங்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன், அதுதான் நல்ல சாட்சி என்று நினைப்பு. மழைக்காலம் வந்தது. அங்கே மழை நம்மூர் மழை இல்லை, நாள்கணக்காக விடாது. விறகெல்லாம் நனைந்துபோய், ஒரு சாயங்காலம் அடுப்புப் பற்றவைக்கத் தெரியாமல் புகையில் கண்ணெரிந்து அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார், சிரித்தார், உள்ளே வந்து ஈர விறகை ஒதுக்கிவிட்டு, தன் வீட்டிலிருந்து காய்ந்த சுள்ளியும் ஒரு மூங்கில் ஊதுகுழலும் கொண்டுவந்து ஊதிப் பற்றவைத்தார். அப்புறம் போகவே இல்லை. ராத்திரி வரை பேசினார், எனக்குப் பாதி புரியவில்லை. ஒரு வருஷமாக என் வாசல்படியோடு நின்றவர் அதற்குப் பிறகு தினமும் அடுப்படி வரைக்கும் வந்தார். அவருக்கு நான் செய்த எந்த உதவியாலும் அது நடக்கவில்லை.

யாக்கோபின் கிணற்றண்டையில் ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் முதலில் என்ன சொன்னார்? 'தாகத்துக்குத் தா.' கேட்டுவிட்டுத்தான் பேச்சே தொடங்குகிறது. எத்தனையோ முறை வாசித்த பகுதிதான், எனக்கு அந்த அடுப்புக்குப் பிறகுதான் உறைத்தது.

உங்கள் பக்கத்து வெள்ளாளன்விளைக்காரர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, பின்னாளில் தோர்ணக்கல் பேராயர், 1910-இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் பேசியதை நீ சண்டே ஸ்கூலிலேயே கேட்டிருப்பாய். அப்போது அவருக்கு 35 வயது. மேல்நாட்டு மிஷனரிமார் நிறைந்திருந்த சபையில் எழுந்து, உங்கள் பொருளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உடலையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கிடைத்தும் அவருக்கு வலித்தது, கொடுத்தவர்கள் மேலே நின்றே கொடுத்ததுதான். அதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் உன் மலை இருக்கும் சாகிப்கஞ்ச் மாவட்டத்துக்கும் டாங்குக்கும் போகும்போது, அன்றைக்கு அந்த வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்த நாற்காலியில் நாம்தான் உட்கார்ந்திருக்கிறோம், தங்கச்சி. இது எனக்கு இன்னும் உறுத்துகிற விஷயம்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் பாஷை. ஹிந்தியோடு நின்றுவிடாதே. மால்டோ திராவிட மொழி, நமக்குத் தூரத்துச் சொந்தம். 'நான்' என்பதற்கு 'ஏன்', 'நீ' என்பதற்கு 'நீன்' என்பார்கள். அங்கே உள்ள ஒரு பத்து வயதுப் பிள்ளையை டீச்சராக வைத்துக்கொள், தப்பாகப் பேசு, அவர்கள் சிரிக்கட்டும்.

அப்புறம், கிளினிக் மேஜையை விட்டு வெளியே வா. சாகிப்கஞ்ச் மாவட்டத்தில் காலா அசார், அதாவது மணல் ஈ கடித்து வரும் காய்ச்சல், உண்டு, உனக்குத் தெரியாததல்ல. குணமானவர்களுக்கும் பல மாதம் கழித்துத் தோலில் தேமல் மாதிரி வருகிறதா என்று பார்க்கத்தானே வேண்டும்? வீட்டுக்கே போய்ப் பார். பார்த்த கையோடு எழுந்துவிடாமல், திண்ணையில் உட்கார்ந்து பயறு உரிக்கிறவர்களோடு நீயும் உரி.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மருந்தையும் ஜெபத்தையும் ஒரே கையில் நீட்டாதே. கேட்டால் ஜெபி, கேட்காவிட்டால் மனதுக்குள் ஜெபி. அவர்கள் ஒருநாளும் ஆராதனைக்கு வரமாட்டார்கள் என்று தெரிந்தாலும் நீ இதே தோழியாக இருப்பாயா என்று உன்னையே கேட்டுப் பார். ஊரில் உன்னைத் தாங்குகிறவர்களுக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்துக்குப் படம் எடுப்பதானாலும், அது யார் கைக்குப் போகும் என்று சொல்லிக் கேட்டுவிட்டு எடு. அந்தப் பாட்டியின் படம் ஊரில் காணிக்கைப் பெட்டி மேல் ஒட்டியிருந்தால் அவர் முகத்தைப் பார்த்துப் பேச உனக்கே வராது.

எட்டு மாதம் ஒன்றும் பெரிய காலம் இல்லை, அதை நினைத்துக் கலங்காதே. சோளம் முடிவதற்குள் அந்தப் பாட்டி வீட்டுக்குப் போ. 'அன்றைக்கு வேண்டாம் என்றேன், இன்றைக்குப் பசிக்கிறது' என்று மால்டோவில் சொல்லக் கற்றுக்கொண்டு போ. வயிற்றுக்கு ஆகுமோ என்று பயந்தால், நெருப்பில் சுட்ட கதிர்தானே, தைரியமாகச் சாப்பிடு. என்ன நடந்தது என்று எனக்கு எழுது.