குடும்பத்தில் பலருக்கு மயக்கம் வருகிறது. இதயத்தைப் பரிசோதிக்க வேண்டுமா?

அம்மாவுக்கும் உங்களுக்கும் மயக்கம் வருவதாகவும், இது பரம்பரையா, இதயத்துக்கு ஆபத்தா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் குடும்பத்தில் இரண்டு விதமான மயக்கத்தையும் பார்த்திருக்கிறோம்.

என் அம்மா ரத்தத்தைப் பார்த்தால் மயங்கிவிடுவார். எனக்கு ஊசி போட்டால் அப்படி ஆகும். முதலில் வியர்க்கும், குமட்டும், கண் இருட்டும். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் சீக்கிரமே தெளிந்துவிடும். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்குவதால் வருவது இது. பரம்பரையாகவும் வரும், ஆனால் இதயத்தில் கோளாறு இருக்காது. விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டால் சரி.

சித்தப்பா மகனுக்கு வந்தது வேறு. பள்ளி மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவன், தலைசுற்றல்கூட இல்லாமல் அப்படியே சாய்ந்தான். கைகால் இழுத்ததால் வலிப்பு என்று இரண்டு வருடம் மாத்திரை கொடுத்தார்கள். மறுபடியும் ஓடும்போதே விழுந்தான். அப்புறம் வேறொரு மருத்துவர் இசிஜி எடுத்துப் பார்த்து, 'லாங் க்யூடி' என்றார். இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்ப அதிக நேரம் எடுக்கிறது. அந்த இடைவெளியில் துடிப்பு தாறுமாறானால் மூளைக்கு ரத்தம் போகாது. அவனுக்கு கேசிஎன்க்யூ1 என்ற மரபணுவில் பிழை. இந்த வகையில் ஓட்டமும் நீச்சலும்தான் ஆபத்து. கேசிஎன்எச்2 மரபணுவில் பிழை இருப்பவர்களுக்கு அலாரம் மாதிரி திடீர்ச் சத்தம் போதும்.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. சோதித்தபோது சித்தப்பாவுக்கும் அதே பிழை இருந்தது. அவர் ஒருநாளும் மயங்கியதில்லை. எனக்கும் அப்பாவுக்கும் இல்லை.

அன்றுதான் அப்பா தன் அக்காவைப் பற்றிப் பேசினார். நன்றாக நீச்சல் தெரிந்தவர், 16 வயதில் கிணற்றில் குளிக்கும்போது இறந்துபோனார். ஊரில் பேய் இழுத்துவிட்டது என்றார்கள். அத்தைக்கும் இதுவே இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

தம்பி இப்போது துடிப்பு தாறுமாறாகாமல் காக்கும் புரோப்ரனோலால் மாத்திரை சாப்பிடுகிறான், நன்றாக இருக்கிறான். வாந்திக்குக் கொடுக்கும் டாம்பெரிடோன், கிருமித்தொற்றுக்குக் கொடுக்கும் அசித்ரோமைசின் போன்ற மருந்துகள் அவனுக்கு ஆகாது என்பதால் சித்தி ஒரு பட்டியலைப் பர்ஸிலேயே வைத்திருக்கிறார்.

உங்கள் மயக்கம் ஓடும்போதோ, படுத்திருக்கும்போதோ, முன்னறிகுறி இல்லாமலோ வந்திருந்தால் தள்ளிப்போடாமல் இதய மருத்துவரைப் பாருங்கள். இல்லாவிட்டாலும் ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள். போகும் முன், குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் தூக்கத்திலோ தண்ணீரிலோ திடீரென்று இறந்தார்களா என்று பாட்டியிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.