வீட்டுப் பராமரிப்பு: கேள்வி – பதில்

கேள்வி: செம்பூரில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட கட்டடம். எங்கள் குளியலறைத் தண்ணீர் இறங்குகிறது என்று கீழ்வீட்டுக்காரர் சொசைட்டியில் புகார் கொடுத்துவிட்டார். வந்து பார்த்த பிளம்பர், தரை டைல்ஸ் முழுவதையும் உடைக்கச் சொல்கிறார். வேறு வழி இல்லையா?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: உடைக்க அவசரப்படாதீர்கள். கசிவு தரையில்தான் என்று எப்படித் தெரிந்தது என அவரிடம் கேளுங்கள். சுவருக்குள் ஓடும் குழாயில் ஓட்டை இருந்தால், புதுத் தரை போட்ட பிறகும் கீழே சொட்டும்.

கீழே ஈரம் எப்போது கூடுகிறது என்பதுதான் நல்ல துப்பு. குழாயில் தண்ணீர் எப்போதும் அழுத்தத்தோடு நிற்பதால், அதில் கசிவென்றால் ராப்பகலாகச் சொட்டும். வடிகாலில் கசிவென்றால் குளித்து, துணி துவைத்த பிறகு கூடும்.

ஆனால் உங்கள் கட்டடம் போன்றவற்றில் ஒரு சிக்கல் உண்டு. குளியலறைத் தளத்தைத் தாழ்த்திப் போட்டு, செங்கல் துண்டும் சாந்தும் கொட்டி நிரப்பியிருப்பார்கள். மும்பைக் கொத்தனார்கள் இதைக் 'கோபா' என்பார்கள். தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, கசிவு நின்ற பின்னும் பல நாள் இது சொட்டும். இது வடியாமல் எந்தச் சோதனை செய்தாலும் பொய்தான் சொல்லும். அதனால் அந்தக் குளியலறைக்குத் தண்ணீர் வருவதை நிறுத்தும் கேட் வால்வை மூடி, நான்கைந்து நாள் புழங்காமல் விடுங்கள். பழைய வால்வுகள் முழுதாக மூடாது. உள்ளே ஒரு குழாயைத் திறந்து, சொட்டுகூட வரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கீழ்வீட்டுச் சீலிங்கில் ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதி எழுதச் சொல்லுங்கள். ஈரம் கோட்டிலிருந்து உள்வாங்கவே இல்லையென்றால், டக்ட்டில் (மாடிகளின் குழாய்கள் இறங்கும் இடுக்கில்) உள்ள பொதுக்குழாயைப் பார்க்க வேண்டும்.

உள்வாங்கினால் வால்வை மட்டும் திறந்து, எதையும் பயன்படுத்தாமல் ஒரு நாள் விடுங்கள். மறுபடி ஈரம் வந்தால் சப்ளை குழாய்தான் குற்றவாளி. அடுத்து ஷவர். தண்ணீரை ஷவருக்குத் திருப்பிவிடும் டைவர்ட்டரிலிருந்து மேலே ஏறும் குழாயில், ஷவர் திறந்தால்தான் தண்ணீர் இருக்கும். எனவே முந்தைய சோதனையில் இது அகப்படாது. ஒரு சொட்டும் தரையில் விழாமல் பக்கெட்டில் பிடித்தபடி பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ஷவர் தண்டை அளவுக்கு மீறி முறுக்கினால் சுவருக்குள் இருக்கும் எல்போ (குழாய் வளையும் மூட்டு) விரிசல் விட்டுவிடும்.

பிறகு வடிகால். நஹானி டிராப்பின் (தரைத் தண்ணீர் இறங்கும் வடிகால் கிண்ணத்தின்) வாய்க்குள் நேராக, ஹோஸ் வழியாக, தரை நனையாமல் இரண்டு பக்கெட் ஊற்றி ஒரு மணி நேரம் பாருங்கள். அதிலும் வராவிட்டால் வாயைத் துணியும் பாலிதீனும் வைத்து இறுக அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். கமோடைத் தனியாக ஐந்தாறு முறை ஃப்ளஷ் செய்து பாருங்கள். உட்காரும்போது அது இம்மியளவு ஆடினாலும் அடிமூட்டு விட்டுப்போயிருக்கும். ஓரத்தில் வெள்ளை சிமென்ட் பூசுவது அதை மறைக்கத்தான் உதவும். ஒரு நேரத்தில் ஒரு சோதனைதான், நடுவில் காயவிட்டு.

தண்ணீரில் உணவுக் கலர்ப்பொடி கலக்கலாம்; மஞ்சள்தூள் வேண்டாம். சிமென்ட்டின் காரம் பட்டால் மஞ்சள் சிவப்பாகிக் குழப்பும். கோபாவில் வடிகட்டப்பட்டுக் கலர் வெளிவராமலும் போகலாம். அதனால் கலரைவிட நேரத்தை நம்புங்கள். சீலிங்கில் ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் கசிவு என்றும் நினைக்க வேண்டாம். தண்ணீர் தளத்தின் வாட்டத்தில் ஓடி, எங்கோ இறங்கும்.

எங்கள் முதல் சந்தேகம் நஹானி டிராப்பின் கழுத்து, அதாவது அது தரையோடு சேரும் இடம். பிவிசியும் சிமென்ட்டும் ஒட்டிக்கொள்வதில்லை, நாளடைவில் நடுவில் மயிரிழை இடைவெளி விழுகிறது. அதுதான் என்றால் சுற்றிலும் ஓரடி உடைத்தால் போதும். சுருங்காத கிரவுட்டால் (இடைவெளியை அடைக்கும் கலவையால்) கழுத்தை நிரப்பி, அது இறுகியபின் வாட்டர்ப்ரூஃப் பூச்சை ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு கை அடித்து, டைல் ஒட்டும் முன் மறுபடி 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிளம்பர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான்.

செலவு: மகாராஷ்டிர சொசைட்டிகளின் மாதிரி விதிப்படி, டாய்லெட், சிங்க் போன்ற வீட்டு உட்கசிவு உறுப்பினர் பொறுப்பு, பொதுக்குழாய் சொசைட்டி பொறுப்பு. பென்சில் கோட்டையும் தேதியையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் குளியலறைச் சுவர் ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் ஓதம் காக்கிறது. உள்ளே பெயின்ட் அடித்தாலும் உரிகிறது.
– வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: மழையோடு வந்து மழையோடு போகிறதென்றால் உள்குழாயைச் சந்தேகிக்க வேண்டாம். வெளிச்சுவர் பூச்சின் விரிசலையும், குழாய் சுவரைத் துளைத்து வெளியேறும் இடத்தையும், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையின் விளிம்பையும் பாருங்கள். அடைப்பது வெளிப்பக்கத்தில்தான், உள்ளே பூசினால் ஈரம் பக்கத்துச் சுவருக்கு நகரும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, அடுத்த மழைக்கு முன், மார்ச் – ஏப்ரலில் செய்யும்படி சொசைட்டியில் இப்போதே எழுதிக் கொடுங்கள்.